ஓகரின் ஒரு அடியில் எத்தனை கணங்கள்: ரியாக்‌ஷன் நேரத்தைப் படிப்பது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று விளையாடும் ஆட்டத்தில் சண்டை தடுக்கி நிற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஆட்டத்தை நடத்தும் டிஎம் "13 டேமேஜ்" (சேதம்) என்று சொல்லி முடித்திருப்பார். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "இருங்க, அதுக்கு முன்னாடியே நான் ஷீல்டு போட்டிருப்பேனே!" ஷீல்டு, அடியைத் தடுக்கும் ஒரு மந்திரம். அப்புறம் கால் மணி நேரம் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதிலேயே போய்விடும்.

ஐந்து பேர் விளையாடும் ஒரு மேசைக்கு நான் டிஎம். எங்களுடையது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். 2024 விதிப்புத்தகம் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். சண்டையில் நடக்கும் ஒன்றுக்குப் பதிலாக நம் பாத்திரம் செய்யும் செயல் ரியாக்‌ஷன்; அதைத் தூண்டும் நிகழ்வு ட்ரிகர். இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. ரியாக்‌ஷன் எப்போது நடக்கும் என்ற சச்சரவில் முக்கால்வாசி அந்த ரியாக்‌ஷனின் ட்ரிகர் வரியை நிதானமாகப் படித்தாலே தீர்ந்துவிடும். மீதிக் கால்வாசி டிஎம் எங்கே மூச்சு விடுகிறார் என்பதைப் பொறுத்தது.

முதலில் அடிப்படை. ஒரு ரவுண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன் (முறை) வரும். ஒரு ரவுண்டுக்கு ஒரு ரியாக்‌ஷன். உங்கள் டர்ன் தொடங்கும் கணத்தில் அது திரும்பக் கிடைக்கும். அடுத்தவர் டர்னிலும் போடலாம், உங்கள் டர்னிலும் போடலாம். நேரத்துக்கான விதி 2014 டிஎம் கையேட்டில் இருக்கிறது: ரியாக்‌ஷனின் விளக்கம் நேரத்தைச் சொன்னால் அதன்படி நடக்கும், சொல்லாவிட்டாலோ, சொன்னது தெளிவாக இல்லாவிட்டாலோ, ட்ரிகர் முடிந்த பிறகு நடக்கும். 2024 புத்தகம் இதே விதியை வீரர் கையேட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. இது நல்ல மாற்றம். டிஎம் மட்டும் படிக்கிற புத்தகத்தில் ஒளிந்திருக்க வேண்டிய விதி இல்லை இது.

ஆக, "குறுக்கே புகுந்து தடுப்பேன்" என்பது விதிவிலக்கு. அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும்.

இப்போது ஒரே ஒரு அடியை எடுத்துக்கொள்வோம். ஓகர் (ஒரு வகை அரக்கன்) தன் கதாயுதத்தைத் தூக்கி நம் விசார்டை (மந்திரவாதியை) அடிக்கிறது. விசார்டின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படத் தேவையான எண், 15. ஓகருக்குத் தாக்குதலில் +6, டேமேஜ் இரண்டு எட்டுப்பக்கப் பகடையும் +4-உம், சராசரி 13. மேசையில் இது இரண்டு விநாடி வேலை. விதியின் கண்ணில் இதற்குள் ஐந்து கணங்கள் இருக்கின்றன: யாரை அடிப்பது என்று அறிவிப்பது, டி20 (இருபது பக்கப் பகடை) உருளுவது, பட்டதா இல்லையா என்று முடிவாவது, டேமேஜ் பகடை உருளுவது, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) குறைவது.

அறிவித்ததும், பகடை உருளும் முன்: கேடயத்தோடு பக்கத்தில் நிற்கும் ஃபைட்டரின் (போர்வீரரின்) திறனான புரொடெக்‌ஷன். ஐந்தடிக்குள் இருக்கும் வேறொருவரை எதிரி தாக்கும்போது அந்த உருட்டலுக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கிறது, அதாவது டி20-ஐ இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். பகடை விழுந்த பிறகு இதைக் கேட்டால் நான் தருவதில்லை. எண்ணைப் பார்த்துவிட்டுத் தடுக்க வருவது வேறு வகைத் திறன், அதற்கு வேறு விலை.

பகடை விழுந்தாயிற்று, 11; ஓகரின் +6 சேர்த்தால் 17. பட்டதா இல்லையா என்று நான் இன்னும் சொல்லவில்லை. பார்டு (பாணர்) எதிரியின் உருட்டலைக் குறைக்கும் கட்டிங் வேர்ட்ஸ் திறன் உட்கார்ந்திருப்பது இந்த ஒடுக்கமான இடைவெளியில். உருட்டிய பிறகு, ஆனால் டிஎம் முடிவு சொல்வதற்கு முன் என்று 2014 விதி தெளிவாகச் சொல்கிறது. பார்டு எட்டுப்பக்கப் பகடையை உருட்டி 3 எடுத்தால், 17 என்பது 14 ஆகும், அடி தவறிப்போகும். டிஎம் ஒரே மூச்சில் "பதினேழு, பட்டுது, பதிமூணு டேமேஜ்" என்று சொல்லிவிட்டால் அந்த பார்டின் திறனையே பிடுங்கிவிட்டோம் என்று அர்த்தம். 2024-இல் இதை மாற்றிவிட்டார்கள். தாக்குதல் வெற்றி பெற்ற பிறகுதான் கட்டிங் வேர்ட்ஸ் வருகிறது. பார்டுக்கு லாபம், டிஎம்முக்கும் நிம்மதி. ஆனால் பழைய விதியில் இருந்த அந்தச் சூதாட்டச் சுவை எனக்குப் பிடிக்கும். அதனால் எங்கள் மேசையில் பழையதையே வைத்திருக்கிறோம்.

"பட்டுது" என்று சொல்லியாயிற்று. இப்போது ஷீல்டு. ட்ரிகர், தாக்குதல் உங்கள் மேல் படும்போது. விளைவு, +5 ஆர்மர் கிளாஸ், "இந்தத் தாக்குதலுக்கும் சேர்த்து" என்று எழுதியே இருக்கிறது. 15 என்பது 20 ஆகிறது, 17 தவறிப்போகிறது. பகடையில் 14 விழுந்திருந்தால் கூட்டுத்தொகை 20. சமமானாலும் படும், ஷீல்டு போதாது. எண்ணை வீரரிடம் சொல்லலாமா என்பதில் டிஎம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் சொல்லிவிடுவேன். கதாயுதம் எவ்வளவு நேராகத் தலையை நோக்கி வருகிறது என்று அந்த விசார்டு கண்ணால் பார்க்கிறார்தானே. ரோக் (திருடர்) வைத்திருக்கும் அன்கேனி டாட்ஜ் திறனும் இதே கணத்தில்தான்: அடிக்கிறவரைப் பார்க்க முடிகிறது, அடி படுகிறது, டேமேஜ் பாதி.

ஹிட் பாயிண்ட் குறைந்த பிறகு: வார்லாக்கின் (இன்னொரு வகை மந்திரக்காரரின்) ஹெல்லிஷ் ரிப்யூக் மந்திரம். டேமேஜ் வாங்கியதற்குப் பதிலடி அது. நேரத்தின் அருமை இங்கேதான் தெரியும். ரோக்குக்கும் வார்லாக்குக்கும் ஆளுக்கு 9 ஹிட் பாயிண்ட் மிச்சம் என்று வையுங்கள். ஓகர் 13 டேமேஜ் போடுகிறது. ரோக்கின் ரியாக்‌ஷன் டேமேஜ் இறங்கும் முன்பே புகுந்துவிடுவதால் 13 என்பது 6 ஆகி, அவர் 3 ஹிட் பாயிண்டோடு நிற்கிறார். வார்லாக்கின் ரியாக்‌ஷன் டேமேஜுக்குப் பிறகு; அதற்குள் அவர் பூஜ்யத்துக்குப் போய் மயங்கிவிட்டார். மயங்கியவருக்கு ரியாக்‌ஷன் கிடையாது. ஓகரைச் சுட முடியாது.

அடி முழுக்க முடிந்த பிறகு வருவது சென்டினல் ஃபீட் (பாத்திரத்துக்குக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்). பக்கத்தில் நிற்கும் எதிரி உங்களை விட்டுவிட்டு வேறொருவரைத் தாக்கினால் நீங்கள் அவனை அடிக்கலாம். 2014 விளக்கத்தில் நேரம் சொல்லப்படவில்லை, ஆகவே பொது விதிப்படி தாக்குதல் முடிந்த பிறகுதான். சென்டினல் அடியில் ஓகர் செத்தாலும், விசார்ட் ஏற்கெனவே வாங்கிய 13 வாங்கியதுதான். "அவன் கையை ஓங்கும்போதே வெட்டுறேன்" என்று ஃபைட்டர் சொன்னால், காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்த ஒரு ஃபீட் மற்ற எல்லாப் பாதுகாப்புத் திறன்களையும் விழுங்கிவிடும். 2024-இல் "உடனே பிறகு" என்று எழுதியே வைத்துவிட்டார்கள், தாக்குதல் பட்டிருக்கவும் வேண்டும்.

சரி, டிஎம் இதை எப்படிச் செயல்படுத்துவது? ஒவ்வொரு கணத்திலும் "ரியாக்‌ஷன் இருக்கா?" என்று கேட்டால் சண்டை நகராது. நான் மூன்று இடத்தில் மட்டும் மூச்சு விடுவேன். "ஓகர் விசார்டை அடிக்குது" என்று சொல்லிவிட்டு பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருப்பேன். அந்தக் குலுக்கல்தான் முதல் இடைவெளி. பகடையை எல்லாருக்கும் தெரிய மேசையில் உருட்டி ஒரு நொடி பேசாமல் இருப்பேன், பார்டு தலையை ஆட்டுகிறாரா என்று பார்ப்பேன். பிறகு "பதினேழு, படுது" என்று சொல்லி அடி வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பேன். டேமேஜ் பகடையைக் கையில் எடுத்துவிட்டேன் என்றால் ஷீல்டுக்கான கதவு மூடியாயிற்று. இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கதவை மூடினால் அது அநியாயம்.

அடுத்தது ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், விலகிப் போகும் எதிரிக்கு விழும் அடி. எதிரி உங்கள் எட்டும் தூரத்தைத் தாண்டி வெளியே போவதுதான் ட்ரிகர். ஆனால் அடி விழுவது அவன் தாண்டுவதற்குச் சற்று முன். அதாவது அவன் இன்னும் உங்கள் பக்கத்துக் கட்டத்திலேயே நிற்கிறான். செத்தால் உடல் அங்கேதான் விழும். சென்டினல் இருந்து அடியும் பட்டால் அவன் வேகம் பூஜ்யமாகி அங்கேயே நிற்பான். உங்கள் எட்டுக்குள்ளேயே சுற்றி வந்தால் இந்த அடி கிடையாது. டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகும் செயல்) எடுத்தவனுக்கும், டெலிபோர்ட் ஆகிறவனுக்கும், இன்னொருவர் தள்ளிவிட்டு நகர்கிறவனுக்கும் கிடையாது. கோப்லின் (குட்டி அரக்கன்) தன் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனிலேயே டிஸ்எங்கேஜ் எடுக்கும் என்பதை டிஎம்கள் மறக்க வேண்டாம்.

அதிகம் வாக்குவாதம் வருவது, ஒரு ட்ரிகரைச் சொல்லிவைத்து அதற்காகக் காத்திருக்கும் ரெடி ஆக்‌ஷனில். இதன் விதி ஒளிவுமறைவில்லாதது: ட்ரிகர் முடிந்த உடனே ரியாக்‌ஷன், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். எனவே எல்லாம் ட்ரிகரை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. "கோப்லின் நகர்ந்தா அம்பு விடுவேன்" என்றால் எந்த நகர்வு? அது வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சுவருக்குப் பின்னால் போவது முழுவதுமே ஒரு நகர்வு என்று டிஎம் சொல்லக்கூடும். "கோப்லின் வாசல் கட்டத்தில் கால் வைத்ததும்" என்று சொல்லுங்கள். கால் வைத்தது முடிந்தது, அம்பு பறக்கிறது, அப்புறம் கோப்லின் மிச்ச நகர்வைத் தொடரும். ட்ரிகர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே செயலில் கூடுதல் அடி) உங்கள் டர்னில் மட்டும்தான். ரெடி வைத்த ஃபைட்டருக்கு இன்னொருவர் டர்னில் ஒரே அடி.

"அவன் மந்திரம் போட ஆரம்பிச்சா சுடுவேன், மந்திரம் கெட்டுப் போகட்டும்" என்று பலர் கேட்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. உச்சரிப்பும் கையசைவும் மந்திரம் போடுவதன் பகுதிகள். அவற்றை மட்டும் தனியாக வெட்டி ட்ரிகர் ஆக்கினால், மூன்றாம் நிலை ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) செலவழித்து, மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல் போடுகிறவருக்கு என்ன மரியாதை? மந்திரம் முடியும், அப்புறம் அம்பு படும். அது நீடிக்க கான்சன்ட்ரேஷன் (விடாத கவனம்) வேண்டும் மந்திரமாக இருந்தால் அம்பு இன்னமும் உதவும்: டிசி (எட்ட வேண்டிய எண்) 10 அல்லது டேமேஜில் பாதி, எது பெரிதோ அதற்கு எதிராக அவன் கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் உருட்டல்) போட்டாக வேண்டும்.

மந்திரத்தையே ரெடி வைப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். மந்திரத்தை உங்கள் டர்னிலேயே போட்டுவிடுகிறீர்கள், ஸ்லாட்டும் அப்போதே போய்விடும். அதன் சக்தியை கான்சன்ட்ரேஷனோடு பிடித்துவைத்திருந்து, ரியாக்‌ஷனில் விடுவிக்கிறீர்கள். ஆகவே எதிரி கவுண்டர்ஸ்பெல் போட முடிவது நீங்கள் போடும் கணத்தில்தான், விடுவிக்கும் கணத்தில் இல்லை. தூணுக்குப் பின்னால் எதிரியின் கண்ணில் படாமல் ஃபயர்பால் (நெருப்புப் பந்து) மந்திரத்தைத் தயார் செய்துவைத்து, "எங்கள் ரோக் கதவைத் திறந்ததும்" என்று ட்ரிகர் வைத்தால் எதிரி விசார்டால் அதைத் தடுக்க முடியாது. ட்ரிகர் நடக்காவிட்டால் ஸ்லாட் வீண், அந்தத் துணிச்சல் வேண்டும்.

கவுண்டர்ஸ்பெல்லின் ட்ரிகர்தான் உண்மையில் நடுவே புகுகிறது: 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது. எனவே டிஎம் "அவள் ஃபயர்பால் போடுறா" என்று ஆரம்பிக்கக் கூடாது. "அவள் ஒரு மந்திரம் போடுறா" என்று சொல்லி நிறுத்த வேண்டும். என்ன மந்திரம் என்று கண்டுபிடிக்க 2017-இல் வந்த ஸனாதர் கையேட்டில் (கூடுதல் விதிப்புத்தகம்) வழி இருக்கிறது: ரியாக்‌ஷன் செலவழித்து ஆர்கானா (மந்திர அறிவு) சோதனை, டிசி 15 கூட்டல் மந்திரத்தின் நிலை. கண்டுபிடித்தவரே தடுக்க முடியாது, ரியாக்‌ஷன் போய்விட்டது. எங்கள் மேசையில் கிளெரிக் (பூசாரி) கண்டுபிடித்துக் கத்துவார், விசார்ட் முடிவு செய்வார். இரண்டு பேரின் ரியாக்‌ஷன் ஒரே கணத்தில் கரைகிறது, அது நியாயமான விலை. 2014-இல் மூன்றாம் நிலை வரை தானாகவே முறியும், மேலே போனால் சோதனை உருட்ட வேண்டும். 2024-இல் மந்திரம் போடுபவர் கான்ஸ்டிடியூஷன் சேவ் போடுகிறார், தோற்றாலும் அவருடைய ஸ்லாட் மிஞ்சும்.

கவுண்டர்ஸ்பெல்லுக்கே கவுண்டர்ஸ்பெல் போடலாமா? 2014-இல் தாராளமாக, தன் டர்னில் ஃபயர்பால் போட்டவரே கூடப் போடலாம். கடைசியாகப் புகுந்தது முதலில் தீரும், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தையதன் நடுவில் புகுந்திருக்கிறது. மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டாட்டத்திலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்து எல்லாவற்றையும் அடுக்காக (கடைசியில் வந்தது முதலில் தீரும் வரிசையாக) நினைப்பார்கள். இங்கே அப்படி ஒரு பொது அடுக்கு கிடையாது. ஹெல்லிஷ் ரிப்யூக் எதன் நடுவிலும் புகாது. இன்னொன்று: தன் டர்னிலேயே ரியாக்‌ஷனைச் செலவழித்த விசார்டுக்கு அடுத்த டர்ன் வரை ஷீல்டு இல்லை. ஓகர் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஒரே ட்ரிகருக்கு இருவர் கை தூக்கினால்? ஒரே நேரத்தில் நடப்பவற்றின் வரிசையை, யாருடைய டர்னோ அந்தப் பாத்திரத்தை ஆட்டுவிப்பவர் முடிவு செய்வார் என்கிறது ஸனாதர். ஓகர் டர்ன் என்றால் நான். வீரர்கள் இருவரும் என்றால் நான் அவர்களிடமே விட்டுவிடுவேன்; முதல் அடியிலேயே ஓகர் விழுந்தால் இரண்டாமவருக்கு ரியாக்‌ஷன் மிச்சம்.

இதேபோன்ற இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக்கு இந்தப் பழக்கங்களை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் போன்ற ரியாக்டிவ் ஸ்ட்ரைக் எல்லாருக்கும் இல்லை, ஃபைட்டருக்கு முதல் நிலையிலேயே உண்டு. மந்திரத்துக்கான கையசைவைப் பார்த்து அடித்து அது கிரிட்டிகலாகவும் (மிகச் சிறந்த அடியாகவும்) அமைந்தால் அந்தச் செயலே முறிந்துபோகும்.

யாருக்கு ரியாக்‌ஷன் மிச்சம் என்று நினைவில் வைப்பதற்கு எங்களிடம் கேரம் காய்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வெள்ளைக் காய். செலவழித்தால் மேசை நடுவுக்குத் தள்ள வேண்டும், தன் டர்ன் தொடங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அரக்கர்களுக்குக் கறுப்புக் காய், என் திரைக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி. அதோடு ஒவ்வொரு ரியாக்‌ஷனுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதச் சொல்கிறேன். ட்ரிகர் வரியை அப்படியே, சுருக்காமல், ஐந்து கணங்களில் எது, எதிரியைப் பார்க்க வேண்டுமா, எத்தனை அடிக்குள். விளைவை அட்டையின் பின்பக்கம் எழுதினால் போதும்.