கலந்த எமல்ஷனுக்கு வயது உண்டு: சின்னப் பட்டறைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன மே மாதம் பக்கத்துச் சந்தில் புதிதாக ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை போட்ட ஒரு தம்பி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை (மெஷ்). அதில் எமல்ஷன் என்ற பசையைப் பூசிக் காயவைத்து, டிசைன் கறுப்பாக அச்சான ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவோம், அதுதான் எக்ஸ்போஸ். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், கறுப்பு மறைத்த இடம் கழுவும்போது கரைந்து திறக்கும். டிசைனில் இருந்த மெல்லிய கோடுகள் எவ்வளவு கழுவினாலும் திறக்கவில்லை. "லைட்டு போயிடுச்சாங்கண்ணா? மாத்தீரட்டுங்களா?" என்று கேட்டான். எமல்ஷன் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அச்சைச் சூட்டில் காயவைக்கும் கியூரிங் மெஷினுக்கு மேலே, பரணில். எப்போது கலந்தது? "பொங்கல் முடிஞ்சு கலந்ததுங்கண்ணா. இன்னும் பாதி இருக்குதுங்க."

திருப்பூரில் இந்த வேலைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. லைட்டைச் சந்தேகப்பட்டு, ஃபிலிமைச் சந்தேகப்பட்டு, கடைசியில் டப்பாவுக்கு வந்து சேர்ந்தவன்தான் நானும். புதிதாக வருகிறவர்கள் அதே சுற்றைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மூடியை இறுக்கு, வெயில் படாமல் வை, மஞ்சள் விளக்கில் வேலை செய் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அவை டப்பாவிலேயே அச்சடித்திருக்கின்றன, முதல் வாரத்தில் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள்.

மிச்சத்தைப் புது டப்பாவில் ஊற்றுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

டயாசோ எமல்ஷன் இரண்டு பொருளாக வரும். டப்பாவில் பசை போன்ற எமல்ஷன், கூடவே ஒரு சின்ன பாட்டிலில் டயாசோ பவுடர். பவுடரைத் தண்ணீரில் கரைத்து எமல்ஷனில் கலந்தால்தான் அது வெளிச்சத்துக்குக் கெட்டியாகும். கலக்காத எமல்ஷன் நிழலில் ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும். கலந்துவிட்டால் கணக்கே வேறு. டயாசோ இருட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே இருக்கும், அப்படிச் சிதையச் சிதைய எமல்ஷனில் உள்ள பி.வி.ஏ. பசை டப்பாவுக்குள்ளேயே இறுகத் தொடங்கும். நிறத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. கலக்கினால் புதிது போலவே இருக்கும். ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பனியன் கம்பெனியின் ஜாப் ஒர்க். குழந்தைகள் டீ-சர்ட், 2,400 பீஸ், நாலு கலர், பிக்மென்ட் பிரிண்ட். ஸ்கிரீன் போட உட்கார்ந்தால், பழைய டப்பாவில் கால் கிலோவுக்கும் மேல் எமல்ஷன் மிச்சம் இருந்தது. கலந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். கொட்ட மனசு வரவில்லை. புது டப்பாவைக் கலந்து, பழையதையும் அதிலேயே ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டேன்.

முதல் ஸ்கிரீனை எக்ஸ்போஸ் செய்து கழுவினால் டிசைன் சரியாகத் திறக்கவில்லை. பழைய பங்கு டப்பாவிலேயே பாதி இறுகிவிட்டதால், ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடத்திலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது புரியவில்லை. வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, நாலு நிமிடத்தை மூன்றாக்கினேன். கொஞ்சம் திறந்தது. இரண்டரையாக்கினேன். நன்றாகவே திறந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நாலு ஸ்கிரீனையும் அதே நேரத்தில் போட்டேன்.

பழைய எமல்ஷனில் ஒரே சமயத்தில் இரண்டு கேடு இருக்கிறது. திறக்க வேண்டிய இடம் முன்பே பாதி இறுகியிருக்கும். இறுக வேண்டிய இடத்தில் வேலை செய்ய டயாசோ போதாமல் இருக்கும். அதோடு நேரத்தையும் குறைத்தால், புது எமல்ஷனின் பங்கும் வேகாமல், அதாவது முழுசாக இறுகாமல், நின்றுவிடும். கழுவும்போது ஸ்கிரீனின் உட்பக்கம் வழவழவென்று இருந்தது. அது வேகாத எமல்ஷனுக்கு நேரடி அடையாளம். கையில் பட்டும் நான் கவனிக்கவில்லை.

பிக்மென்டில் தண்ணீர் இருக்கிறது. வேகாத ஸ்டென்சிலை (ஸ்கிரீனில் டிசைனைச் சுற்றி நிற்கும் எமல்ஷன் படலம்) அது ஊறவைத்துக் கரைத்துவிடும். தொள்ளாயிரம் பீஸ் தாண்டியதும் சிவப்பு ஸ்கிரீனில் பின்ஹோல் விழ ஆரம்பித்தது. ஊசிமுனை அளவுதான் என்பதால் டேபிளில் யார் கண்ணிலும் படவில்லை. செக்கிங்கில்தான் தெரிந்தது: வெள்ளைத் துணியில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அதற்குள் முந்நூறு பீஸுக்கு மேல் ஓடிவிட்டது. துணி, தையல் எல்லாம் சேர்த்துக் கம்பெனியில் டெபிட் போட்டார்கள். அந்த ஆர்டரில் எனக்கு வர வேண்டிய கூலி முழுக்க அதிலேயே போனது. கொட்டியிருந்தால் போயிருப்பது கால் கிலோ எமல்ஷன்.

அதற்குப் பிறகும் பத்து நாள் அந்த டப்பாவையே ஓட்டினேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. பல்பை மாற்றினேன். ஃபிலிம் எடுத்துக் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போனேன். ஒரு தடவைகூட டப்பாவைச் சந்தேகப்படவில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பழைய ஸ்கிரீன் ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கோட்டிங் போட்டு இருட்டில் காயவிடுங்கள். எக்ஸ்போஸ் செய்யாமல் அப்படியே தண்ணீரில் கழுவுங்கள். வெளிச்சமே காணாத எமல்ஷன் முழுசாகக் கரைந்து ஓட வேண்டும். மெஷ்ஷில் மெல்லிய படலம் தங்கினால் அந்த டப்பா முடிந்துவிட்டது. தம்பியின் டப்பாவை அன்றைக்கு இப்படித்தான் பார்த்தோம். பாதிப் படலம் அப்படியே நின்றது. லைட்டை மாற்றும் செலவு மிச்சம்.

மாதத்துக்குப் பத்து ஸ்கிரீன் போடுகிறவர் விலை குறைகிறதே என்று பெரிய டப்பா வாங்க வேண்டாம். ஒரு மாதத்தில் தீரும் அளவு வாங்கிக் கலந்தால் மிச்சம் என்ற பேச்சே வராது. அதுவும் தீராது என்றால், முன்பே கலந்து வரும் ஃபோட்டோபாலிமர் எமல்ஷன் வாங்குங்கள். திறந்த பிறகும் பல மாதம் தாங்கும். ஆனால் வெளிச்சத்துக்கு இறுகும் வேகம் அதிகம். டயாசோவில் நிமிடத்தில் பார்த்த நேரத்தை அதில் நொடியில் எண்ண வேண்டியிருக்கும், அறை வெளிச்சத்திலும் அதிகக் கவனம் வேண்டும்.

பரண்

கலந்த டயாசோ குளிர்ந்த அறையில் நாலிலிருந்து ஆறு வாரம் வரை வேலைக்கு ஆகும். குளிர்ந்த அறை என்றால் 20, 25 டிகிரி. நம் ஊரில் ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில், அதுவும் கியூரிங் மெஷின் ஓடும் அறையில், 40 டிகிரி சாதாரணம். பத்து டிகிரி ஏறினால் இந்த மாதிரி ரசாயன மாற்றம் சுமார் இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் ஆறு வாரம் மூன்று வாரமாகும், அதையும் தாண்டிய சூட்டில் இரண்டு வாரம்கூட நிற்காது. சூடு மேலே ஏறும் என்பதால் அறையிலேயே மோசமான இடம் பரண்தான். தரையோடு, வெளிச்சுவர் இல்லாத மூலையில் வையுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த உடனே திறப்பது

ஃபிரிட்ஜ் நல்லதுதான். கலந்த டயாசோ அதில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். எடுத்த உடனே திறப்பதுதான் தவறு. குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே நீராகப் படியும். எமல்ஷனும் கெட்டியாக இருப்பதால் கோட்டிங் தடித்துப் போகும். காலையில் கோட்டிங் போட வேண்டும் என்றால் முந்தின இரவே வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் வையுங்கள்.

ஃபிரீசரில் வைக்கவே கூடாது. உறைந்து உருகினால் எமல்ஷன் திரிந்துவிடும், கலக்கினாலும் சேராது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் எமல்ஷன் டப்பா இருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்தது. பட்டறைக்கென்று பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

பழைய பெயின்ட் டின்

கூடாது. இரும்பு டயாசோவைக் கெடுக்கும். கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, கலக்க மரக்குச்சி.

எமல்ஷன் பூசும் ட்ரேயில் மிஞ்சியது

டப்பாவுக்குத் திரும்பக் கூடாது. தூசி, காய்ந்த துணுக்கு, வெளிச்சம் மூன்றும் பட்டுவிட்டது அது.

கோட்டிங் போட்ட ஸ்கிரீனை மறந்துவிடுவது

டப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறவர்கள்கூட, கோட்டிங் போட்ட ஸ்கிரீனைக் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கிறார்கள். காய்ந்த எமல்ஷன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முந்தின நாள் நன்றாகக் காய்ந்த ஸ்கிரீன் மறுநாள் மறுபடி ஈரமாகியிருக்கும். அதை அப்படியே எக்ஸ்போஸ் செய்தால் எமல்ஷன் சரியாக இறுகாது, கழுவும்போது உரிந்து வரும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும், விரலை நம்ப வேண்டாம். மூடிய மர அலமாரி, கீழே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை, எக்ஸ்போஸ் செய்வதற்கு முன் அரை மணி நேரம் மின்விசிறி. மழைக்காலத்தில் என் பட்டறையில் இது இல்லாமல் எந்த ஸ்கிரீனும் லைட்டுக்குப் போவதில்லை.

பைக்ரோமேட் கலந்ததை எடுத்து வைப்பது

இன்னும் சில பட்டறைகளில் விலை குறைவு என்று டயாசோவுக்குப் பதிலாக பைக்ரோமேட் கலக்கிறார்கள். கலந்தது மறுநாளைக்கே நம்பகமில்லை. அன்றைய தேவைக்கு மட்டும் கலக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அதில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம். வெறும் கையில் தொட்டால் தோலில் எளிதில் ஆறாத புண் வரலாம். நான் விட்டுவிட்டேன், நீங்களும் விடுங்கள்.

கெட்டுப்போன எமல்ஷன், எந்த வகையானாலும், சாக்கடையில் போகக் கூடாது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊரே நின்றதைப் பார்த்தவர்கள் நாம். நொய்யல் இன்னும் தேறவில்லை. டயாசோ மிச்சத்தை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் கெட்டியாகிவிடும். அதைத் திடக்கழிவாகச் சேர்த்துவைத்து, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

தேதி

கலந்த அன்றே எழுதுங்கள், அழியாத மார்க்கரில், டப்பாவின் உடம்பில். மூடியில் எழுதினால் ஒரு நாள் மூடி மாறிவிடும்.