மண்ணில் அளையும் கைகளைக் கணக்கெடுப்பவர்களுக்கு

குழந்தை விளையாடும் வீடியோவைப் பார்த்து, அதன் ஒவ்வொரு கையும் எந்தப் பரப்பைத் தொடுகிறது, எத்தனை தடவை வாய்க்குப் போகிறது என்று தாளில் குறிப்பதுதான் நம் வேலை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம் தன் பதிவுத்தாளை நீட்டினார். ஒன்றரை வயதுக் குழந்தை, வெளியே ஒரு மணி நேரம் விளையாடிய வீடியோ, கை வாய்க்குப் போனது எட்டே தடவை. வீடியோவை ஓடவிட்டேன். இருபது நிமிடம் குழந்தை கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் முழுவதற்கும் தாளில் 'எதையும் தொடவில்லை' என்றிருந்தது. எழுந்து திரும்பியபோதோ உதடெல்லாம் மண்!

தெரியாததைத் தொடாததாக எழுதுவது

கை தெரியவில்லை என்பது வேறு. கை சும்மா இருந்தது என்பது வேறு. இதற்கென்றே 'பார்வையில் இல்லை' என்று ஒரு குறியீடு இருக்கிறது. அந்த இருபது நிமிடத்தைக் கழித்தால் நாற்பது நிமிடத்தில் எட்டு, அதாவது மணிக்கு 12. அதுவும் குறைவாகவே இருக்கும். குழந்தை எப்போது முதுகைத் திருப்புகிறது? குந்தி உட்கார்ந்து மண்ணுக்குள் விரலை விட்டு மும்முரமாகத் தோண்டும்போதுதான். நாம் இழப்பது வெற்று நேரத்தை அல்ல.

மண்ணில் உள்ள ஈயமும் பூச்சிமருந்தும் குழந்தையின் உடலுக்குள் எவ்வளவு போகும் என்பதைக் கணிக்க இந்த எண்ணிக்கை ஓர் அடிப்படை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2011 கையேடு, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் கை வாய்க்குப் போவது சராசரியாக மணிக்கு வீட்டுக்குள் 20 தடவை, வெளியே 14 தடவை என்கிறது. வெளியே குறைவு என்பது தெரிந்திருப்பதால், எட்டு என்று பார்த்தாலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நான் புதிதாக இருந்தபோது இதே தவற்றைச் செய்தேன்; எனக்கும் சந்தேகம் வரவில்லை. முடித்துக் கொடுத்த தாள்களை எல்லாம் முதலிலிருந்து பார்க்க ஆறு வாரம் பிடித்தது. இன்றும் கை தெரியாத நேரத்துக்கு 'தொடவில்லை' என்று யாராவது எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு கைக்கும் ஒரே வரி

வேண்டாம்.

குச்சியை மண் என்று எழுதுவது

குச்சியால் மண்ணைக் கிளறும் கை தொடுவது குச்சியை. புல்லைப் பிடுங்கும்போது நிலைமை வேறு: வேரோடு வந்தால் விரலில் மண்ணும் ஒட்டுகிறது, இரண்டையும் குறிக்க வேண்டும். பிறகு அந்தக் கையைக் கால்சட்டையில் துடைக்கும். ஒரு நொடிதான், ஆடையும் ஒரு பரப்புதான் என்பது அநேகமாக எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

படம் பிடிக்கும்போது குழந்தையைக் கொஞ்சுவது

பிறகு அது உங்களைத் தொடுவதைத்தான் எண்ண வேண்டியிருக்கும்.