டிசி ஜெனரேட்டரில் வேகம் கூடினால் வோல்டேஜ் எவ்வளவு கூடும்? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

மொட்டை மாடியில் சின்னதாக ஒரு காற்றாலை வைத்து 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாம் என்று 12 வோல்ட் டிசி மோட்டார் ஒன்றை வாங்கி, அதில் இறக்கையை மாட்டினேன். காற்று நன்றாகத்தான் அடித்தது. ஆனால் மல்டிமீட்டர் காட்டியது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். மோட்டார் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே அளவுதான் வந்தது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. மேலே எழுதியிருக்கும் 12 வோல்ட் எந்த வேகத்துக்கு உரியது என்று நான் பார்க்காததுதான் பிரச்சினை.

டிசி மோட்டாரை வெளியிலிருந்து சுற்றிவிட்டால் அதுவே ஜெனரேட்டர். காந்தப்புலத்துக்குள் ஆர்மேச்சர் (கம்பி சுற்றிய, சுழலும் பகுதி) சுற்றும்போது அதன் கம்பிகளில் மின்னழுத்தம் பிறக்கிறது. நிரந்தர காந்தம் வைத்த மோட்டாரில் காந்தத்தின் வலுவும் மாறாது, கம்பிச் சுற்றுகளும் மாறா. மாறுவது வேகம் மட்டுமே. அதனால் வேகம் இரண்டு மடங்கானால் வோல்டேஜும் இரண்டு மடங்காகும். இதைக் கண்ணால் பார்த்துவிடுவோம்.

தேவையானவை: ஒரே மாதிரி 775 மோட்டார் இரண்டு (நான் மாடியில் வைத்த அதே வகை; ஒன்று சுற்றிவிட, மற்றது ஜெனரேட்டராக), ஷாஃப்டுகளை இணைக்க 5 மில்லிமீட்டர் கப்ளிங், 12 வோல்ட் பவர் சப்ளை, பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாட்டு போர்டு (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தந்து மோட்டாரின் வேகத்தை மாற்றுவது), மல்டிமீட்டர், லேசர் டாக்கோமீட்டர் (சுற்றும் வேகத்தை அளக்கும் கருவி), 10 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவிலேயே எல்லாம் கிடைக்கும். டிரில் மெஷினை வைத்துச் சுற்ற வேண்டாம். விசையை விரலால் ஒரே அளவில் அழுத்திப் பிடிக்க முடியாது, வேகம் ஆடிக்கொண்டே இருக்கும். கப்ளிங்குக்குப் பதில் ரப்பர் குழாயும் வேண்டாம். லோடு (கரண்ட் இழுக்கும் சுமை) ஏறியதும் அது வழுக்கும்.

இரண்டு மோட்டாரையும் ஒரு பலகையில் நேருக்கு நேர் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் சுற்றிப் பார்த்தால் எங்கேயும் சிக்கக் கூடாது. கப்ளிங்கைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் டாக்கோமீட்டரோடு வந்த ஒளிரும் டேப்பில் ஒரே ஒரு துண்டு, ஜெனரேட்டர் பக்கமாக ஒட்டுங்கள். கறுப்பு டேப்பைத் தவிர்க்காதீர்கள். அலுமினியக் கப்ளிங்கே பளபளப்பானது. அதில் பட்டுத் திரும்பும் ஒளியையும் கருவி எண்ணிவிடும்.

சரி, இப்போது ஜெனரேட்டரின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தவை (ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது):

1000 ஆர்பிஎம்: 1.9 வோல்ட்
2000 ஆர்பிஎம்: 3.8 வோல்ட்
3000 ஆர்பிஎம்: 5.7 வோல்ட்
4000 ஆர்பிஎம்: 7.7 வோல்ட்

கட்டத்தாளில் போட்டால் ஒரே நேர்கோடு. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 1.9 வோல்ட் என்பதுதான் இந்த மோட்டாரின் எண். என் இறக்கை சுற்றியது சுமார் 300 ஆர்பிஎம்மில். 0.3 ஐ 1.9 ஆல் பெருக்கினால் 0.57 வோல்ட். மாடியில் நான் பார்த்ததும் இதைத்தான்!

அடுத்து லோடு. இங்கேதான் நான் இரண்டு நாள் முட்டி மோதினேன். 3000 ஆர்பிஎம்மில் வைத்து 10 ஓம் ரெசிஸ்டரை இணைத்ததும் 5.7 வோல்ட் 4.5 ஆகக் குறைந்தது. கரண்ட் 0.45 ஆம்பியர். அதாவது 1.2 வோல்ட் உள்ளே போகிறது, அப்படியானால் ஆர்மேச்சரின் மின்தடை கிட்டத்தட்ட 2.7 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரிலோ அது சுமார் 1 ஓம்தான் காட்டியது. பிரஷ் (சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு) தேய்ந்துவிட்டதோ என்று கழற்றிக்கூடப் பார்த்தேன்.

லோடு போட்ட பிறகு டாக்கோமீட்டரை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. கரண்ட் ஓட ஆரம்பித்ததும் ஜெனரேட்டர் சுற்றுவதற்கு எதிராக இழுக்கும்; சுற்றிவிடும் மோட்டார் திணறி 2600க்கு இறங்கிவிட்டது. போர்டில் வேகத்தைக் கூட்டி மறுபடி 3000க்குக் கொண்டுவந்தேன். இப்போது 5.2 வோல்ட், 0.52 ஆம்பியர். குறைந்தது அரை வோல்ட் மட்டுமே, மின்தடைக் கணக்கும் 1 ஓமுக்குச் சரியாக வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு முறை வோல்டேஜைக் குறிக்கும்போதும் பக்கத்திலேயே வேகத்தையும் குறியுங்கள். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும்.

காற்றாலைக்கு மோட்டார் தேடுபவர்கள் லேபிளில் வோல்ட்டை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 180 வோல்ட், 4000 ஆர்பிஎம் என்று எழுதிய டிரெட்மில் மோட்டார் என்றால் ஆயிரத்துக்கு 45 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். 300 ஆர்பிஎம்மிலேயே 13 வோல்ட்டை ஒட்டி எதிர்பார்க்கலாம். பேட்டரிக்கும் அதற்கும் நடுவே ஒரு டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் காற்று நின்றதும் பேட்டரியே மோட்டாரைச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

பின்சேர்க்கை: ஒருவர் சைக்கிள் டைனமோவை வைத்துச் செய்து பார்த்து, எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பூஜ்யம்தான் என்று எழுதியிருந்தார். டைனமோ என்று அழைத்தாலும் அதிலிருந்து வருவது ஏசி. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இன்னொருவருக்கு ஆயிரத்துக்கு 0.95 வோல்ட்தான் வந்ததாம். ஒளிரும் டேப் இரண்டு துண்டு ஒட்டியிருந்தார். வேகம் இரட்டிப்பாகப் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு பின்சேர்க்கை: கல்லூரி லேபில் ஷண்ட் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த நேர்கோடு வராது, ஏனென்றால் அங்கே நிரந்தர காந்தத்துக்குப் பதில் கரண்ட் ஓடும் சுருள்தான் காந்தப்புலத்தை (ஃபீல்டு) உண்டாக்குகிறது; அதற்கான கரண்ட்டையும் அதே ஜெனரேட்டர்தான் தருகிறது. வேகம் கூடினால் வோல்டேஜ் கூடும், அதனால் ஃபீல்டு கூடும், அது வோல்டேஜை இன்னும் ஏற்றும். இரும்பு பூரிதமாகும்போதுதான் (அதற்கு மேல் பெரிதாகக் காந்தமேறாத நிலை) இந்த ஏற்றம் அடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுற்றினால் இரும்பில் எஞ்சிய காந்தத்தன்மை தரும் சில வோல்ட்டைத் தாண்டி ஏறவே ஏறாது. அப்படி நின்றுவிட்டால் முதலில் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். பிறகு ஃபீல்டு ரியோஸ்டாட்டைக் (ஃபீல்டு சுருளோடு இணைத்த, மாற்றக்கூடிய மின்தடை) குறையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சுற்றும் திசையையும் ஃபீல்டு முனைகள் மாறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.