ஆச்சி வீட்டில் ஓர் ஐபி போன்: சிங்கப்பூருக்குக் காசில்லாமல் பேச

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பல பெரிய வீடுகளில் இப்போது இருப்பது வயதான இருவர்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பச்சைப் பொத்தானை இழுப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது, பாதி நாள் போனில் சார்ஜும் இருப்பதில்லை. ரிசீவரை எடுத்தால் பேச்சு, வைத்தால் முடிந்தது என்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். அதே பழக்கத்தில் இணையம் வழியாகப் பேச வைப்பது ஐபி போன்.

முதலில் 'இலவசம்' எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு முனையும் இணையத்தில் இருந்தால் மட்டுமே காசில்லை. ஆச்சி வீட்டு ஐபி போனிலிருந்து மகன் கைப்பேசியில் உள்ள சிப் (SIP, இணையம் வழியாக அழைப்பை இணைக்கும் முறை) செயலிக்குப் பேசலாம். மகனுடைய சாதாரண மொபைல் எண்ணுக்கு இலவசமாகப் பேச முடியாது. அதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகக் கட்டணம் கட்டித்தான் போக வேண்டும். இணைய அழைப்பை உள்ளூர் நம்பராக மாற்றித் தரும் பெட்டியை யாராவது மலிவாக விற்றால் பக்கத்திலேயே போகாதீர்கள், உரிமமில்லாமல் அதை ஓட்டுவது சட்டப்படி குற்றம். 112 போன்ற அவசர எண்ணும் இதில் போகாது, மொபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபைபர் இணைப்போடு லேண்ட்லைன் வசதி ஏற்கெனவே வந்திருந்தால் இந்தியாவுக்குள் பேச அதுவே போதும். ஐபி போன் முக்கியமாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகத்தான்.

சரி, போன் வாங்குவோம். கிராண்ட்ஸ்ட்ரீம், யீலிங்க் போன்ற நிறுவனங்களின் அடிமட்ட மாடல் போதும். வண்ணத் திரை வேண்டாம். ஒரே பொத்தானில் அழைக்கும் வசதியும், இணையம் வரும் ஈதர்நெட் ஒயரிலேயே மின்சாரம் ஏற்கும் பிஓஇ வசதியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய போன் ஒன்று வாங்கினால், ஏதோ ஒரு நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

ஒயர் இழுப்பது

இந்த வேலையில் நேரம் பிடிப்பது இதுதான். நம் செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ரவுட்டர் முகப்பில் இருந்தால், வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டுக்கு (உள்ளே அடுத்த பகுதிக்கு) போவதற்குள் கனத்த சுவர்கள் வைஃபையைத் தின்றுவிடும். அரைகுறை வைஃபையில் வீடியோ ஓடிவிடும், ஏனென்றால் அது முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பேச்சு அப்படிக் காத்திருக்க முடியாது, வெட்டி வெட்டி வரும். ஆகவே கேட் 6 எனும் ஈதர்நெட் ஒயர்தான். ஒரே நீளத்தில் 100 மீட்டர் வரை போகலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அது தாராளம். பிஓஇ போட்டால், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயரை வாங்க வேண்டாம், முழுச் செம்பு கேளுங்கள்.

பளபளக்கும் அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை போடாதீர்கள். அப்படி ஒரு பூச்சைத் திரும்பப் பூச இன்று ஆள் தேட வேண்டும். கதவு நிலைக்கு மேலும், வளவின் தாழ்வார உத்தரத்தை ஒட்டியும் ஒயரைக் கொண்டுபோனால் கண்ணிலும் படாது, மழையும் படாது. ஆச்சி உட்காரும் இடம் எதுவோ அங்கே போனை வையுங்கள். முகப்பில் அழகாக இருக்கிறது என்று வைத்துவிட்டால், இரண்டாங்கட்டிலிருந்து நடந்து வருவதற்குள் மணி நின்றுவிடும்.

கணக்கும் அமைப்பும்

வீட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என இரண்டு இலவச சிப் கணக்கு தொடங்குங்கள். இப்படித் தரும் சேவைகளில் லின்ஃபோன் பெயர்பெற்றது. பிள்ளையின் கைப்பேசியில் அதே சேவையின் செயலியைப் போடுவது நல்லது. வேறு செயலி போட்டால், அது மூடிக் கிடக்கும்போது பல நேரம் மணியே அடிக்காது.

போனை ரவுட்டரில் இணைத்து, அதன் மெனுவில் ஐபி முகவரியைப் பாருங்கள். அந்த எண்ணைக் கணினியின் பிரவுசரில் தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். உள்ளே போனதும் முதல் வேலை, நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுவது. அப்புறம் முதல் கணக்கைத் திறந்து சிப் சர்வர், பயனர் பெயர், அங்கீகாரப் பெயர், கடவுச்சொல் நான்கையும் நிரப்புங்கள். அங்கீகாரப் பெயர் பெரும்பாலும் பயனர் பெயரேதான். சேமித்ததும் 'ரெஜிஸ்டர்ட்' என்று வர வேண்டும். வரவில்லையென்றால் பத்தில் ஒன்பது முறை கடவுச்சொல்லில் எழுத்துப் பிழைதான்.

பயனர் பெயர் எழுத்துகளாக இருந்தால் எண் பலகையில் அடிப்பது தொல்லை. வேக அழைப்புப் பொத்தானில் மகன், மகள் பெயரை ஏற்றிவிட்டு, பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். போனில் இந்திய நேரத்தையும் வைத்துவிடுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று ஆச்சியிடம் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் இரவு பத்து மணிக்கு இங்கிருந்து போடும் போன் அங்கே நள்ளிரவைத் தாண்டி எழுப்பும்.

வரக்கூடிய தொல்லைகள்

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? போனில் பழுதில்லை. ரவுட்டர் முகவரியை மாற்றி அனுப்பும்போது குரல் வழி தவறிப் போகிறது. ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்று ஒன்று இருக்கும், உதவுவதற்காக வைத்தது, பெரும்பாலும் கெடுப்பதே அதுதான். அதை அணைத்துவிட்டு ரவுட்டரையும் போனையும் மறுபடி இயக்குங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் போனில் ஸ்டன் சர்வரையும் (போனுக்கு அதன் வெளி முகவரியைச் சொல்வது) 'கீப் அலைவ்' வசதியையும் (இணைப்பு அறுந்துபோகாமல் காப்பது) இயக்குங்கள்.

நடுராத்திரியில் 100 அல்லது 1001 என்ற எண்ணிலிருந்து மணி அடித்து, எடுத்தால் ஆளே இல்லையா? பேய் பிசாசு ஒன்றுமில்லை. இணையத்தில் சிப் அழைப்புகளுக்கான 5060 என்ற வாசலைத் தட்டித் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்களின் வேலை. பதிவு செய்த சர்வரிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கச் சொல்லும் தேர்வு போனிலேயே இருக்கும், அதை இயக்கினால் நின்றுவிடும்.

கரண்ட் போனால் பழைய லேண்ட்லைன் போல இது ஓடாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், போன் மூன்றையும் இன்வெர்ட்டர் பிளக்கில் சேருங்கள். டேட்டா பற்றிக் கவலை வேண்டாம், குரலை டேட்டாவாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் ஒரு மணி நேரம் பேசினால் இரு பக்கமும் சேர்த்து சுமார் 80 எம்பிதான். பிள்ளை துபாயில் இருந்தால் மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு இருப்பதால், இங்கே எல்லாம் சரியாக அமைத்தாலும் அங்கே அழைப்பு போகாமல் இருக்கலாம்.