ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: சிஜிபிஏ-வை நம்பி 75 யூரோவைக் கட்டாதீர்கள்

நம்மூர் கவுன்சிலிங்கில் 200-க்கு எவ்வளவு என்று சொன்னால் எந்தக் கல்லூரி என்று சொல்லிவிடலாம். அதே நினைப்போடு இங்கே விண்ணப்பித்தால் 8.8 வைத்திருந்தும் நிராகரிப்பு வரும்.

சடங்குகளை முதலில் முடித்துவிடுவோம். இந்தியப் பட்டம் என்றால் ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் கல்வி ஆவணங்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) வேண்டும், 18,000 ரூபாய். இலங்கைப் பட்டத்துக்கு அது இல்லை. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை யூனி-அசிஸ்ட் என்ற பொதுச் சரிபார்ப்பு அமைப்பின் வழியாகவே வாங்கும்: முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவை 30. சரிபார்க்க 4 முதல் 6 வாரம் ஆகும்.

மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றுவார்கள். 1 சிறந்தது, 4 வெறும் பாஸ். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். பாஸ் 5 என்றால் 7.5 சிஜிபிஏ 2.5 ஆகும், பாஸ் 4 என்றால் அதே 7.5 2.25. ஆகவே கிரேடு அளவுகோல் அச்சிட்ட மார்க் ஷீட்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

ஆள் விழும் இடம் இதுவல்ல. சேர்க்கை விதிமுறையில் ‘கணிதத்தில் 25 இசிடிஎஸ்’ (ஐரோப்பியப் படிப்புப் புள்ளி) என்பதுபோல் துறைவாரியாகக் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த பிடிஎஃப் ஜெர்மனில்தான் இருக்கும், கன்சல்டன்சிக்காரர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். நான்காண்டுப் படிப்பை 240 இசிடிஎஸ் புள்ளியாக எடுத்தால், மொத்தம் 160 கிரெடிட் படித்தவருக்கு ஒரு கிரெடிட் 1.5 புள்ளி. 4 கிரெடிட் கணிதத் தாள் நான்கு எழுதியிருந்தால் 24. ஒன்று குறைகிறது, கதை முடிந்தது. ஐடி கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தது அந்த ஒரு புள்ளிக்கு ஈடாகாது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனைக் கணிதக் கணக்கில் தள்ளிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அதைத் தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸில் போடுவார்கள்.

பாடத்திட்டத்தைப் பார்ப்பவர் அந்தத் துறைப் பேராசிரியர். தாளின் பெயர் ‘புரொஃபஷனல் எலெக்டிவ் 3’ என்றிருந்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. சிலபஸ் இல்லாவிட்டால் பூஜ்யம். அண்ணா பல்கலைக்கழகத்தில் ரெகுலேஷன் 2017-இல் படித்தவர் 2021 சிலபஸை ஏற்றினால், மார்க் ஷீட்டில் உள்ள கணிதத் தாள் எம்ஏ 8151-ஐத் தேடுபவர் எம்ஏ 3151-ஐத்தான் பார்ப்பார். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் சிலபஸே வேண்டும்.

விதிமுறையின் ஒவ்வொரு துறைக்கும் நேரே உங்கள் தாள், குறியீடு, புள்ளி, சிலபஸ் பக்க எண் எழுதி ஓர் அட்டவணை போடுங்கள். குறை சிறிதென்றால் சில இடங்களில் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டு, விடுபட்ட பாடத்தை முதல் ஆண்டில் எழுதச் சொல்வார்கள். அப்படி ஒரு பிரிவு விதிமுறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.