சிஸ்டமேட்டிக் ரிவ்யூ: கணக்குக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று அறிய, அதைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, தரம் பார்த்து, ஒன்றுசேர்த்து முடிவு சொல்வதுதான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. மருத்துவ மேற்படிப்பிலும் நர்சிங்கிலும் பலர் இதையே தீசிஸாக எடுக்கிறார்கள், எடுத்ததும் புள்ளியியலைக் கண்டு பயப்படுகிறார்கள். கணக்கை மென்பொருள் போட்டுவிடும். ரிவ்யூ கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்பே, எந்த ஆய்வை உள்ளே விடுகிறோம், அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, தலையை எண்ணி முடிவு செய்வது. "ஏழு ஆய்வுகளில் இரண்டில்தான் பலன் தெரிகிறது, ஆகவே மருந்து உதவாது" என்று எழுதிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ரிவ்யூக்களை வெளியிடும் கோக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பாருங்கள். அதிலுள்ள ஏழு கிடைக்கோடுகளும் ஏழு ஆய்வுகள். குறைமாதத்தில் பிரசவம் ஆகக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்பது கேள்வி. முதல் ஆய்வு நியூசிலாந்திலிருந்து 1972-இல் வந்தது. இரண்டு கோடுகளைத் தவிர மற்றவை, ஊசியால் வித்தியாசம் இல்லை என்பதைக் குறிக்கும் செங்குத்தான நடுக்கோட்டைத் தொடுகின்றன. தனியாகப் பார்த்தால் அவற்றை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தால், அந்தக் கூட்டு முடிவைக் காட்டும், அடியிலுள்ள வைர வடிவம் நடுக்கோட்டைத் தொடாமல் தள்ளி நிற்கிறது: ஊசி குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. இந்த ஆய்வுகளைத் தொகுத்த ரிவ்யூ 1989 வரை வெளிவராததால், பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்களுக்கு இது எவ்வளவு பலன் தரும் என்றே தெரியவில்லை. அதற்குள் பிழைத்திருக்க வேண்டிய எத்தனையோ குழந்தைகள் போய்விட்டன. "பலன் நிரூபணமாகவில்லை" என்பதை "பலன் இல்லை" என்று எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் மட்டும் தேடிவிட்டுத் தேடல் முடிந்தது என்று நினைப்பது. மனச்சோர்வு மருந்துகள் பற்றி 2008-இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளைப் பின்தொடர்ந்தது. சாதகமான முடிவு வந்த 38-இல் 37 பிரசுரமாயின. மீதி 36-இல் 22 பிரசுரமாகவே இல்லை. 11 சாதகமானவை போல எழுதப்பட்டு வெளிவந்தன. இதழ்களை மட்டும் படித்தவருக்கு அந்த மருந்துகள் எப்படித் தெரிந்திருக்கும்! ஆகவே எம்பேஸ், கோக்ரேன் நூலகம் போன்ற மற்ற தரவுத்தளங்களோடு, நடக்கும் ஆய்வுகளைப் பதிந்து வைக்கும் பதிவேடுகளிலும் தேடுங்கள். இந்தியாவுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இருக்கிறது. பதிவு இருந்து கட்டுரை இல்லையென்றால், ஆய்வாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஒரே நோயாளிகளை இரண்டு தடவை எண்ணிவிடுவது. வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான் பற்றிய ஆய்வுகளில், ஒரே தரவு வேறு வேறு கட்டுரைகளாக வந்திருந்தது. அவற்றையும் சேர்த்து எண்ணியதில் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது என்று 1997-இல் கண்டறிந்தார்கள். ஊர், மருத்துவமனை, தேதி, டோஸ், நோயாளிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போகும் இரண்டு கட்டுரைகளைப் பார்த்தால் நிறுத்தி விசாரியுங்கள்.

அப்புறம், உங்கள் ரிவ்யூவின் திட்டத்தைத் தேடலுக்கு முன்பே, ரிவ்யூக்களுக்கான பதிவேடான புரோஸ்பெரோவில் பதிவு செய்துவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் கேள்வியை மாற்றத் தோன்றாது. கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாக வடிகட்ட வேண்டும்.

கடைசியாக, அச்சில் வந்த எண்ணை அப்படியே நம்புவது. கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் இறப்பைப் பெருமளவு குறைக்கிறது என்று எகிப்திலிருந்து ஒரு முன்பிரதி (இதழில் பரிசீலனை முடியாமலே இணையத்தில் வெளியிடும் கட்டுரை) வந்தது. பல ரிவ்யூக்கள் அதைச் சேர்த்துக்கொண்டன. ஒரு மருத்துவ மாணவர் அதன் மூலத் தரவைத் திறந்து பார்த்தபோது, நோயாளிகளின் விவரங்கள் அப்படியே திரும்பத் திரும்ப வந்திருந்தன. 2021 ஜூலையில் அந்த முன்பிரதி விலக்கப்பட்டது. அதைச் சேர்த்திருந்த ஒரு மெட்டா அனாலிசிஸும் (பல ஆய்வுகளின் எண்களை ஒன்றாகச் சேர்த்துப் போடும் கணக்கு) பின்னர் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் முடிவு ஒரே ஆய்வின் மேல் சாய்ந்து நின்றால், அதை எடுத்துவிட்டு ஒருமுறை கணக்கிடுங்கள்; முடிவு மாறினால் அதையும் கட்டுரையிலேயே எழுதுங்கள்.