சமுதாய வானொலியில் இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி.யும்: நிகழ்ச்சி தயாரிக்கும் முறை

உள்ளூர் மக்களின் பங்கேற்போடு இயங்கும் சமுதாய வானொலியின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட். அது எட்டும் தூரம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். இந்தச் சிறிய வட்டத்துக்குள் பேசுபவரின் குரலைக் கேட்ட மாத்திரத்தில் இன்னார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். பாம்பனில் இயங்கும் கடல் ஓசை போன்ற நிலையத்தில் மீனவர் ஒருவர் கடலின் போக்கைப் பற்றிப் பேசும்போது அந்த நெருக்கமே பலம். கருத்தடை, பால்வினை நோய், எச்.ஐ.வி. என்று வரும்போது அதே நெருக்கம் ஒருவரின் வாழ்வைக் குலைத்துவிடக்கூடும். ஆகவே தலைப்பை முடிவு செய்வதற்கு முன், யார் குரலில் எது ஒலிக்கும் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கேள்விகளைத் திரட்டுங்கள். ரேஷன் கடையில் கேள்விப் பெட்டி வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வரிசையில் நிற்பவர்கள் பார்க்க அதில் சீட்டுப் போட எவரும் துணிவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடமும், தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று அழைக்கப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தின் ஆலோசகரிடமும், ஊர் பெயரோ ஆள் பெயரோ இல்லாமல், மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் குறித்துக்கொள்வதே நல்ல தொடக்கம். வாட்ஸ்அப்பில் கேள்வி வாங்குவதாக இருந்தால் அந்தக் கைபேசி ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும். கேள்வியை எழுதிக்கொண்டதும் எண்ணையும் குரல் பதிவையும் அழித்துவிட வேண்டும்.

அடுத்தது பதிவு. மென்பொருளில் குரலின் சுருதியைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. பேச்சின் இழுவையும், அடிக்கடி வரும் ஒரு சொல்லும், மூன்று பெண் பிள்ளைகள் என்ற ஒரு விவரமும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அனுபவத்தை எழுத்தாக்கி, தொழில், தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றி, வேறொரு தன்னார்வலரைப் படிக்கச் செய்து, ஒலிபரப்புக்கு முன் உரியவருக்கே போட்டுக்காட்டி எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெறுங்கள். வேண்டாம் என்று கடைசி நேரத்தில் அவர் சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளிப்படுத்துவதைத் தடுக்கிறது. ஒலிபரப்பான நிகழ்ச்சியை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஒலிபரப்பாகாத மூலப் பதிவுக்கு அது பொருந்தாது என்பதால் அதை வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நேரலைத் தொலைபேசி உரையாடலை இந்தத் தலைப்புகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பதற்றத்தில் ஒரு பெயர் வாய் தவறி வந்துவிட்டால் அதைத் திரும்ப அள்ள முடியாது.

பதினைந்து நிமிட நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு கேள்வி போதும். எடுத்துக்காட்டாக: “மாசமா இருக்கேன். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தப்போ எச்.ஐ.வி. டெஸ்ட்டும் உண்டுன்னாங்க. என்னை எதுக்குச் சந்தேகப்படுறாங்க?” இதை மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் சிறு காட்சியாகத் தொடங்கி, மருத்துவ அலுவலரிடம் கொண்டுசெல்லலாம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு, யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை என்பதை அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை; தாய் தொடர்ந்து மாத்திரை உட்கொண்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கும். அச்சமூட்டும் பின்னணி இசை இங்கே எதற்கும் உதவாது. பயந்தவர் வானொலியைத்தான் அணைப்பார், மையத்துக்கு வரமாட்டார்.

ஆண்களுக்கான நிகழ்ச்சியைத் தனியாகத் தயாரியுங்கள், ஏனெனில் குடும்ப நலம் என்றாலே பெண்களுக்குரியது என்று ஒதுங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. கத்தியின்றிச் செய்யும் வாசக்டமி என்ற ஆண் கருத்தடைச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது, அதன் பிறகும் மூன்று மாதம் ஆணுறை தேவை, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியான பின்னரே அதை விடலாம் என்பதை விடாமல் சொல்லுங்கள். இது சொல்லப்படாததால் கர்ப்பம் ஏற்பட்டு, பழி மனைவியின் மீது விழுவதுண்டு. அந்தரா ஊசியும் காப்பர் டீயும் கர்ப்பத்தைத் தடுக்குமே தவிர எச்.ஐ.வி.யைத் தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைத் தெரிவித்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறையிடம் தெரிவிப்பது கடமை. அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை நிகழ்ச்சி தொடங்கும் முன்னரே நிலையத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கலையகச் சுவரில் இருக்கட்டும்.

பணத்தட்டுப்பாடு உள்ள நிலையத்தைத் தேடி லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரம் வரும். ஆண்மைக் குறைவு, பால்வினை நோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நம் நிகழ்ச்சிக்கு அடுத்தபடியாக அது ஒலித்தால் மருத்துவர் சொன்னது அத்தனையும் வீண்.

ஒவ்வொரு நிகழ்ச்சியும், நம்பிக்கை மையம் எந்தக் கட்டடத்தில், எந்த நேரத்தில், கட்டணமின்றி இயங்குகிறது என்பதையும் 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணையும் இருமுறை நிதானமாகச் சொல்லி முடியட்டும். ஒலிபரப்புக்கு முந்தைய நாள் அந்த மையத்துக்குப் பேசி, ஆலோசகர் பணியில் இருக்கிறாரா, பரிசோதனைப் பொருள்கள் இருப்பில் உள்ளனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து, அந்த நேரத்துக்கு வேறு பதிவை ஒலிபரப்புங்கள். கூலியை விட்டுவிட்டு வந்தவர் பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பினால் இரண்டாம் முறை வருவது அரிது.